ஹப்புத்தளையில் ஏறாதே, பதுளைக்குப் போ

எங்கள் தேயிலைத் தோட்ட லயத்திலிருந்து ஹப்புத்தளை ஸ்டேஷனுக்கு நடந்தே போகலாம், குறுக்குப் பாதையில் போனால் முக்கால் மணித்தியாலம். ஆனால் அம்மாவைக் கொழும்பு கிளினிக்குக்குக் கூட்டிப் போகும்போது நான் அங்கே ஏறுவதில்லை. பகல் சாப்பாட்டை முடித்துக்கொண்டு பஸ் பிடித்து, பண்டாரவளையில் மாறி, கொழும்புக்கு நேர் எதிர்த் திசையில் பதுளைக்குப் போவோம். அங்கே மாலை மெயில் கோச்சியில், அதாவது ரயிலில், ஏறி உட்கார்ந்து இரண்டு மணித்தியாலம் போல ஓடிய பிறகு இருட்டில் அதே ஹப்புத்தளை ஸ்டேஷன் வரும். அம்மா ஒவ்வொரு தடவையும் ஜன்னலால் எட்டிப் பார்த்து, "இதுக்குத்தான் அம்புட்டுத் தூரம் போனோமா" என்பார். அடுத்த நிமிடம் மேடையில் நிற்கும் கூட்டம் எங்கள் பெட்டிக்குள் பாயும். அம்மா பேச்சை நிறுத்திவிட்டுப் பையை மடியில் இழுத்து வைத்துக்கொள்வார்.

இதை எனக்குச் சொல்லித் தந்தது ஒரு ஓய்வுபெற்ற கங்காணித் தாத்தா. 2010இல், 19 வயதில், பெட்டாவில் ஒரு புடவைக் கடையில் வேலை இருக்கிறது என்று சொந்தக்காரர் ஒருவர் சொல்ல, முதன்முதலாகத் தனியாகக் கொழும்புக்குப் போனேன். காலைக் கோச்சிக்கு ஹப்புத்தளையில் ஏறினேன். டிக்கட் கையில் இருந்தால் சீட்டும் இருக்கும் என்று நம்பிய வயசு. மூன்றாம் வகுப்பில் கதவடியில், பைக்கு மேல் ஒரு காலும் யாரோ ஒருவரின் கரட் மூட்டைக்குப் பக்கத்தில் ஒரு காலுமாக நின்றேன். நானுஓயா, ஹட்டன், நாவலப்பிட்டி என்று ஒவ்வொரு ஊராக எதிர்பார்த்து எதிர்பார்த்து, கடைசியில் பொல்கஹவெலயில்தான் உட்கார இடம் கிடைத்தது. கங்காணித் தாத்தாவும் கம்பளையில் இறங்கும்வரை நின்றுகொண்டேதான் வந்தார். இறங்கும்போது, "தம்பி, சீட்டு வேணும்னா கோச்சி பொறக்குற எடத்துக்குப் போய் ஏறணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவருக்கு அது தெரிந்திருந்தும் ஏன் நின்றார் என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை. பிறகுதான் எனக்கே விளங்கியது, பதுளைக்குப் போக ஒரு பஸ் காசும் ஒரு அரை நாளும் வேண்டும், எல்லாருக்கும் இரண்டும் இருக்காது.

முன்பதிவு இல்லாத டிக்கட்டுக்குக் கணக்குக் கிடையாது. பெட்டியில் எத்தனை சீட்டு இருக்கிறது, ஏற்கெனவே எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று கவுண்டரில் இருப்பவர் பார்ப்பதில்லை, கேட்பவர்களுக்கெல்லாம் கொடுப்பார். அதனால் டிக்கட் கிடைத்ததை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது. பதுளையிலிருந்து வரும் பகல் கோச்சியில் சுற்றுலாக்காரர் குவியும் எல்ல என்ற ஊரில் ஏறும் கூட்டம் தனி ரகம். முதுகில் ஆளுயரப் பை, கையில் கெமரா, பாதிப்பேர் சீட்டைத் தேடமாட்டார்கள், கதவைத்தான் தேடுவார்கள். அவர்களில் கணிசமான பேர் நுவரெலியாவுக்காக நானுஓயாவிலும், மிச்சப் பேர் கண்டியிலும் இறங்குவார்கள். ஹப்புத்தளையில் ஏறியே ஆக வேண்டிய நிலை வந்தால், சீட்டில் இருக்கும் வெளிநாட்டுக்காரர் ஒருவரிடம் எங்கே இறங்குவீர்கள் என்று சிரித்த முகத்தோடு கேட்டு, நானுஓயா என்று சொன்னால் அவர் பக்கத்திலேயே நின்றுவிடுங்கள். வெட்கப்பட வேண்டாம். நான் இப்படி ஒரு ஜெர்மன் குடும்பத்தின் பக்கத்தில் நின்று, அவர்கள் இறங்கும்போது எனக்காக சீட்டில் தொப்பியை வைத்துப் பிடித்துத் தந்தார்கள்.

முன்பதிவு செய்யலாமே என்று கேட்பீர்கள். செய்யலாம், 30 நாளைக்கு முன்பே திறப்பார்கள், அடையாள அட்டை இலக்கத்தையும் கொடுக்க வேண்டும், பயணத்தன்று அட்டையைக் கையில் வைத்திருக்கவும் வேண்டும். ஆனால் சுற்றுலாக் காலத்தில் பகல் கோச்சிகளின் சீட்டுகள் கண்மூடித் திறப்பதற்குள் போய்விடும். 2025 தொடக்கத்தில் எல்ல கோச்சி ஒன்றின் இணைய டிக்கட்டெல்லாம் 42 வினாடிக்குள் முடிந்துவிட்டதாகச் செய்தி வந்து, அது விசாரணை வரை போனது ஞாபகம் இருக்கும். தோட்டத்தில் சிக்னல் தேடிக் கொய்யா மரத்தடிக்கு நடக்கவே நமக்கு 42 வினாடிக்கு மேல் ஆகும். நான் கண்ட வழி, பகல் கோச்சியை மறந்துவிட்டு இரவு மெயிலுக்குப் பதிவது. இருட்டில் மலையும் தெரியாது, ஒன்பது வளைவுப் பாலமும் தெரியாது, அதனால் படம் பிடிக்க வருகிறவர்களுக்கு அது வேண்டாம். நமக்கு வேண்டியது கொழும்புதானே. அதுவும் விடியும் முன் கொண்டுபோய்ச் சேர்த்தால் கிளினிக்கில் முதல் நம்பர்களில் ஒன்று கிடைக்கும். திகதி முன்பே தெரிந்த பயணமென்றால் பக்கத்து ஸ்டேஷன் கவுண்டரிலேயே நேரில் போய்ப் பதியலாம், எல்லாவற்றுக்கும் போனை நோண்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

இனி, நேரம். பதுளையிலிருந்து கொழும்பு கோட்டை வரை ஏறத்தாழ 292 கிலோமீட்டர். அதற்கு கோச்சி எடுத்துக்கொள்வது பத்து மணித்தியாலம் போல, அதுவும் எல்லாம் ஒழுங்காக இருந்தால். பெரகலை இறங்கி பலாங்கொடை, இரத்தினபுரி வழியாகப் போகும் பஸ் இதைவிடச் சீக்கிரம் போய்விடும். இருந்தும் நாங்கள் கோச்சியை விடாததற்குக் காரணம் பெரகலை வளைவுகளில் அம்மாவுக்கு வரும் வாந்தி. இரண்டாவது காரணம், கோச்சியில் எழுந்து நடக்கலாம், கக்கூசு இருக்கிறது. சீனி வருத்தக்காரர்களைக் கூட்டிப் போகிறவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லத் தேவையில்லை. கக்கூசில் தண்ணீர் இருக்குமா என்பது வேறு கதை. ஒரு போத்தல் தண்ணீரைக் குடிக்க, இன்னொரு போத்தலை அதற்கென்று தனியாகக் கொண்டுபோங்கள்.

ஏன் இவ்வளவு மெதுவாகப் போகிறது என்று தெரிந்துகொண்டால் பாதிக் கோபம் குறையும். வெள்ளைக்காரன் கோப்பியை இறக்கவும், கோப்பி அழிந்த பிறகு தேயிலையை இறக்கவும் போட்ட பாதை இது. கண்டிக்கு 1867இலும் நானுஓயாவுக்கு 1885இலும் பண்டாரவளைக்கு 1894இலும் வந்து, பதுளையைத் தொட 1924 ஆகிவிட்டது. மாகாணத் தலைநகருக்குப் பாதை போட்டு முடிக்க அறுபது வருடம். கடல் மட்டத்தில் இருக்கும் கொழும்பிலிருந்து பட்டிப்பொலைக்கும் ஒஹியவுக்கும் இடையில் 1,898 மீட்டர் உயரத்துக்கு ஏறி, பிறகு பதுளைக்கு இறங்குகிறது. அகலப் பாதை, ஆனால் வளைவுகளோ இறுக்கம், ஏற்றம் 44 அடிக்கு ஓர் அடி. ஓட விட்டால் கவிழ்ந்துவிடும். தெமோதரையில் பாதை ஒரு சுற்றுச் சுற்றி, அந்த ஸ்டேஷனுக்கே அடியில் சுரங்கத்துக்குள் போகிறது. கங்காணி ஒருவர் தலைப்பாகையைச் சுற்றிக் காட்டி இஞ்சினியருக்கு அந்த யோசனையைக் கொடுத்தார் என்று எங்கள் பக்கம் ஒரு கதை உண்டு. உண்மையோ பொய்யோ, நாங்கள் அதை விட்டுக்கொடுப்பதில்லை.

ரம்புக்கனை வரைதான் இரட்டைப் பாதை. அதற்கு மேல் மலையில் பெரும்பாலும் ஒற்றைப் பாதைதான். ஒற்றைப் பாதையில் எதிரும் புதிருமாக இரண்டு கோச்சி வந்தால் ஒன்று ஏதாவது ஒரு ஸ்டேஷனில் ஒதுங்கி நிற்க வேண்டும். அதைத்தான் குரோசிங் என்கிறோம். இரவில் ஸ்டேஷனைக் கடக்கும்போது ஜன்னலோரம் கவனித்துப் பாருங்கள், ஸ்டேஷன்காரர் ஒருவர் பெரிய வளையத்தை நீட்டிக்கொண்டு நிற்பார், இஞ்சினிலிருந்து ஒரு கை அதை வாங்கிக்கொண்டு பழையதைக் கொடுத்துவிட்டுப் போகும். அந்த வளையத்தின் பையில் இருப்பது டெப்லட். அடுத்த ஸ்டேஷன் வரைக்கும் பாதை உனக்கு என்ற அனுமதி அது. அது கையில் இல்லாமல் டிரைவர் வண்டியை நகர்த்த மாட்டார்.

இதனால் நான் பழகிக்கொண்டது, தாமதமாகும்போது "எத்தனை மணிக்கு வரும்" என்று கேட்பதை விட்டுவிட்டேன். அந்தக் கேள்விக்கு எந்த ஸ்டேஷனிலும் ஒரே பதில்தான், தவ பொட்டக், இன்னும் கொஞ்சம். அதற்குப் பதில் "குரோசிங் எக கொஹெத, மாத்தயா?" என்று கேட்பேன். குரோசிங் எங்கே என்று கேட்டால் ஸ்டேஷன் மாஸ்டருக்கே முகம் மாறும், பாதை தெரிந்த ஆள் கேட்கிறான் என்று நின்று பதில் சொல்வார். வழக்கமாக ஹட்டன் பக்கம் குரோசிங் நடக்கும் கோச்சிகள் இன்றைக்கு தலவாக்கலையில் என்றால், எதிரே வருவது முந்தி வருகிறது அல்லது நம்முடையது பிந்திவிட்டது. எவ்வளவு பிந்தும் என்று நாமே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். கொழும்பில் காத்திருக்கும் ஆளுக்குப் போன் எடுத்துச் சொல்லவும் வசதி.

எல்லாவற்றையும் கற்றுக்கொண்டேன் என்று நினைத்திருந்தபோதுதான் அந்த ஐப்பசி மழை வந்தது.

மறுநாள் காலை அம்மாவின் கண்ணைப் பார்ப்பதாகத் திகதி கொடுத்திருந்தார்கள், மூன்று மாதம் காத்திருந்து கிடைத்த திகதி. அன்று பஸ் வர நேரமாகி, பதுளைக்குப் போக முடியாமல் ஹப்புத்தளையிலேயே நின்றோம். கவுண்டரில் இருந்தவர் டிக்கட்டைத் தரும்போதே, மேலே மழை கடுமை, யோசித்துப் போங்கள் என்று சிங்களத்தில் சொன்னார். நான் தலையை ஆட்டிவிட்டு ஏறினேன். ஹப்புத்தளையை விட்டால் அடுத்தது இதல்கஸ்ஹின்ன. முகடு மாதிரி ஒரு இடம், பகலில் ஒரு பக்கம் ஊவாவும் மறுபக்கம் சப்ரகமுவப் பள்ளமும் தெரியும். இரவில் அங்கே தெரிவது ஸ்டேஷன் விளக்கும் பனியும்தான். கோச்சி அங்கே நின்றது. பத்து நிமிடம், அரை மணித்தியாலம், ஒரு மணித்தியாலம். கார்ட் டோர்ச் லைட்டோடு வந்து, ஒஹிய பக்கம் பாதையில் மண் சரிந்திருக்கிறது, ஆட்கள் போயிருக்கிறார்கள் என்றார்.

விடிய நான்கு மணி வரை அங்கேயே இருந்தோம். கீழே இறங்கி பஸ் எடுக்கலாம் என்று சிலர் துள்ளினார்கள். எங்கே எடுப்பது? இதல்கஸ்ஹின்னவில் அந்த நேரத்தில் பஸ்ஸும் இல்லை, தெருவும் தெரு மாதிரி இல்லை. இரண்டு பையன்கள் தண்டவாளத்தோடு ஹப்புத்தளைக்கு நடப்பதாகக் கிளம்பி, சுரங்க வாயில் வரை போய் இருட்டைப் பார்த்துத் திரும்பி வந்தார்கள். குளிர் எலும்புக்குள் போனது. எங்கள் பெட்டியில் ஜன்னல் ஒன்று பாதியில் சிக்கி மூட முடியாமல் கிடந்தது. அம்மா கொண்டுவந்த பத்திரிகைத் தாளையெல்லாம் சுருட்டி அந்த இடுக்கில் அடைத்தேன். பக்கத்துத் தோட்டத்து லயத்தில் வெளிச்சம் வந்தது. கொஞ்ச நேரத்தில் ஒரு வாளியில் பிளேன்டியும், அலுமினியக் கோப்பைகள் நாலைந்தும், ஒரு கடதாசிப் பொட்டலத்தில் சீனியுமாக இரண்டு பேர் ஏறி வந்தார்கள். உள்ளங்கையில் சீனியைக் கொட்டி, நக்கி நக்கிக் குடித்தோம், நம் ஆட்கள் குடிக்கிற மாதிரி. எதிர் சீட்டில் இருந்த சிங்கள அக்காவுக்கு அது புதிது. "மேக ஹொந்தாய்", இது நல்லா இருக்கு, என்று இரண்டாம் தடவையும் கையை நீட்டினார். காசு கொடுக்கப் போனால் வாளிக்காரர், "போங்கண்ணே, நாளைக்கு நாங்களும் இதுலதான் வரணும்" என்றார்.

கொழும்புக்கு வந்து சேரும்போது பகல் பதினொரு மணி தாண்டிவிட்டது. கிளினிக்கில் நம்பர் முடிந்துவிட்டது. மண் சரிந்த கதையைச் சொன்னேன், மேசையில் இருந்தவர் தலை நிமிராமல் கிளினிக் கொப்பியில் ஒன்றரை மாதம் தள்ளி ஒரு திகதியை எழுதித் தந்தார். அவர் மேல் கோபம் வரவில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் கவுண்டரில் ஒருவர் எச்சரித்தும் ஏறியது நான்தான்.

அதற்குப் பிறகு ஒக்டோபர் முதல் டிசம்பர் வரையில் கிளினிக் திகதி விழுந்தால் முதல் நாள் இரவில் நாங்கள் போவதே இல்லை. ஒரு நாள் முன்னதாகவே போய், வத்தளையில் சித்தி வீட்டில் தங்கிவிடுவோம். தங்க இடம் இல்லாதவர்களுக்கு இது லேசான புத்திமதி இல்லை என்று தெரியும், ஆனாலும் ஒன்றரை மாதம் கண்ணைத் தள்ளிப்போடுவதைவிடப் பரவாயில்லை. இன்னொன்று, மழைக்காலத்தில் ஏதாவது தடை என்று காதில் விழுந்தால் இறங்கும் இடத்தைப் பார்த்து இறங்க வேண்டும். பண்டாரவளை, ஹப்புத்தளை, நானுஓயா, தலவாக்கலை, ஹட்டன், நாவலப்பிட்டி, இங்கெல்லாம் பெரிய தெருவும் பஸ்ஸும் உண்டு. இதல்கஸ்ஹின்ன, ஒஹிய, பட்டிப்பொல மாதிரி இடங்களில் மாட்டினால் கோச்சி நகரும்வரை கோச்சியேதான் வீடு. ஆகவே ஹப்புத்தளையில் சந்தேகம் வந்தால் ஹப்புத்தளையிலேயே இறங்கிவிடு, அடுத்த ஸ்டேஷனில் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்காதே. எதிர்ப்பக்கம், கொழும்பிலிருந்து வரும்போது நானுஓயாதான் அந்த முடிவை எடுக்க வேண்டிய இடம்.

கண்டிக்குள் போகும் கோச்சியா போகாததா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். பொடி மெனிக்கே என்ற கோச்சி கண்டிக்குள் போய்த் திரும்பும், உடரட்ட மெனிக்கே பேராதனையோடு நேரே போய்விடும். முதல் தடவை பொடி மெனிக்கேயில் அம்மாவைக் கூட்டிப் போனபோது கண்டியில் கொஞ்ச நேரம் நின்ற கோச்சி, வந்த பக்கமே நகர ஆரம்பித்தது. அதுவரை முன்னால் பார்த்து உட்கார்ந்திருந்தவர்களெல்லாம் இப்போது பின்னால் பார்த்துப் போகிறோம். அம்மா என் கையைப் பிடித்து, "ஏன் தம்பி, எதையும் மறந்துட்டு வந்துட்டானா?" என்றார். பெட்டியே சிரித்தது. பின்பக்கமாகப் போனால் தலை சுற்றுகிறவர்கள் கண்டிக்குப் பிறகு எந்தப் பக்கம் என்று யோசித்து சீட்டைப் பிடியுங்கள், அல்லது கண்டிக்குள் போகாததைப் பாருங்கள், நேரமும் மிச்சம்.

பொல்கஹவெல சந்தி வரும்போது அம்மா பேசாமல் இருப்பார். வடக்கே போகும் பாதை அங்கேதான் பிரிகிறது. 1964இல், நம் ஆட்களில் ஒரு பகுதியை இந்தியாவுக்கு அனுப்பும் ஸ்ரீமா சாஸ்திரி ஒப்பந்தம் வந்த பிறகு அவர்களைத் தலைமன்னாருக்கு ஏற்றிப் போன கோச்சிகள் இதே மலையிலிருந்து இறங்கித்தான் அந்தப் பக்கம் திரும்பின. அங்கிருந்து கப்பலில் இராமேஸ்வரம். ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் அழுகைச் சத்தம் கேட்டதால் அவற்றை ஒப்பாரிக் கோச்சி என்று சொன்னார்கள். பெரியம்மா குடும்பம் அப்படிப் போனதுதான், இப்போது கூடலூர் பக்கம் இருக்கிறார்கள். அம்மா அப்போது சின்னப் பிள்ளை. ஹப்புத்தளை மேடையில் பெரியம்மா ஜன்னலால் நீட்டிக் கொடுத்த ஒரு பித்தளைச் செம்பு இன்னும் எங்கள் சாமி மாடத்தில் இருக்கிறது. இரவு மெயில் பொல்கஹவெலயைத் தாண்டும்போது எல்லாரும் தூக்கம், அம்மா மட்டும் முழித்திருப்பார். நான் கண்ணை மூடிக்கொண்டிருப்பேன்.

சரி, இறங்கும் விஷயத்துக்கு வருகிறேன். கொழும்பு என்றாலே கோட்டை ஸ்டேஷன் என்று நினைத்து கடைசி வரை போகிறவர்கள் நிறைய. பெரியாஸ்பத்திரிக்கோ கண்ணாஸ்பத்திரிக்கோ போகிறவர்கள் அதற்கு முந்திய ஸ்டேஷனான மருதானையில் இறங்கினால் போதும், அங்கிருந்து கிட்ட. விடியற்காலையில் கோட்டையில் இறங்கினால் த்ரீவீலர்காரர்கள் மலையிலிருந்து வந்த முகத்தை எப்படியோ கண்டுபிடித்துவிடுவார்கள், அவர்கள் கேட்கும் காசில் ஒரு மாதச் சீனி வாங்கலாம். மீட்டர் போட்டால்தான் ஏறுங்கள்.

ஆனால் திரும்பி வரும்போது மருதானையில் ஏறக் கூடாது. கங்காணித் தாத்தா சொன்னதுதான், கோச்சி பொறக்குற எடம் கோட்டை. ஒரு மணித்தியாலம் முந்திப் போய், எந்த மேடை என்று கேட்டு, கோச்சியை மேடைக்குத் தள்ளி வரும்போதே ஏறுகிற ஆட்களோடு நீங்களும் நில்லுங்கள். அம்மா மாதிரி வயசானவர்களைக் கூட்டத்தில் தள்ளாதீர்கள். நான் பையோடு ஏறி இரண்டு சீட்டைப் பிடித்துவிட்டு ஜன்னலால் கையைக் காட்டுவேன், கூட்டம் அடங்கிய பிறகு அம்மா ஆறுதலாக ஏறி வருவார். தீபாவளிக்கும் சித்திரை வருடப்பிறப்புக்கும் இந்தக் கணக்கெல்லாம் செல்லாது. விசேட கோச்சி விட்டாலும் கடையில் வேலை செய்யும் நம் பிள்ளைகள் எல்லாரும் ஒரே இரவில் கடையைப் பூட்டிவிட்டுத்தான் ஓடி வருவார்கள். ஒரு தீபாவளிக்கு நான் ஹட்டன் வரைக்கும் கக்கூசு வாசலில் நின்று வந்திருக்கிறேன், கையில் தங்கச்சிக்கு வாங்கிய சுடிதார் பெட்டி.

சாப்பாடு வீட்டிலிருந்தே கொண்டுபோவது நல்லது. தேங்காய் ரொட்டியும் கட்டச்சம்பலும் இரவு முழுக்கக் கெடாது. பகலில் கடலை, வடை, இறால் வடை எல்லாம் பெட்டிக்குப் பெட்டி வரும், வெள்ளரிப்பழமும் ரம்புட்டானும் காலத்துக்கு ஏற்ற மாதிரி வரும். இரவில் அவ்வளவாக எதுவும் வராது. கம்பளிச் சட்டையைப் பெரிய பைக்கு அடியில் வைத்துக் கட்டாதீர்கள். அம்பேவெல, பட்டிப்பொல பக்கம் நடு இரவில் அதைத் தேடி எல்லார் தலைக்கு மேலும் பையைத் தூக்கிக் கொட்ட வேண்டி வரும். கிளினிக் கொப்பி, அடையாள அட்டை, காசு இந்த மூன்றும் மடியிலோ சட்டைக்குள்ளோ இருக்கட்டும், மேல் தட்டில் வேண்டாம். பிள்ளைகள் கதவில் தொங்குவதைப் பார்த்தால் தெரியாதவர் பிள்ளையாக இருந்தாலும் கூப்பிட்டு உள்ளே இழுங்கள். இந்தப் பாதையில் 40க்கு மேல் சுரங்கம், சுவர் கைக்கெட்டும் தூரத்தில் வரும்.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் அடித்தபோது இந்தப் பாதை பல இடங்களில் அறுந்து போனது. நான் மேலே சொன்னதெல்லாம் அதற்கு முன் ஓடிய கோச்சிகளின் கணக்கு. பதுளை, நுவரெலியா, கண்டி மாவட்டங்களில் எத்தனை வீடும் ஆட்களும் போனார்கள் என்பதற்கு முன்னால் கோச்சி ஒரு விஷயமே இல்லை, எங்கள் பக்கத்து டிவிசனிலேயே ஒரு லயத்தைக் காலி செய்து ஆட்களைப் பள்ளிக்கூடத்தில் வைத்தார்கள். படத்தில் பார்த்தேன், அடியில் மண் இல்லாமல் தண்டவாளம் மட்டும் கயிறு மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. அம்மாவிடம் போனைக் காட்டினேன். கண்ணுக்குக் கிட்ட வைத்து வெகு நேரம் பார்த்துவிட்டு, "இதுக்கு மேலயா நாம படுத்துட்டுப் போனோம்?" என்றார்.

அதற்கு அடுத்த கிளினிக்குக்குப் பெரகலை வழியாக பஸ்ஸில் போனோம். முன் சீட்டு, வாய்க்கு எலுமிச்சங்காய், மடியில் இரண்டு பொலிதீன் பை. பஸ்ஸுக்கு அது தேவையில்லை என்று எவ்வளவு சொல்லியும் கேட்காமல் வழக்கம்போல ரொட்டி ஆறும் கட்டச்சம்பலும், ஜன்னலில் அடைக்க ஒரு கட்டுப் பழைய பத்திரிகையும் எடுத்து வைத்திருந்தார். பலாங்கொடை வரைக்கும் ரொட்டியை யாரும் தொடவில்லை. பத்திரிகைதான் பயன்பட்டது, அதுவும் பெரகலை இறங்கி முடியும் முன்பே.